கைலியும் கறையும்: வட சிலாங்கூர்த் தோட்டத்து ஆடைகள் குறித்து ஒரு தேவையில்லாத ஆராய்ச்சி

மலாயாத் தமிழ்ப் பெண்களின் ஆடை வரலாறு தோளோடு நின்றுவிடுகிறது. பழி பிரிட்டிஷ் அரசாங்கத்தையே சேரும். 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. கையோடு, 12 வயது தாண்டியவர்கள் எல்லாரும் படம் பிடித்து, பெருவிரல் ரேகை வைத்து, அடையாள அட்டை வாங்கியாக வேண்டும் என்று உத்தரவும் வந்தது. தோட்டத்து லயங்களில் இருந்த பலருக்கு ஆயுளில் எடுத்த முதல் படம் அதுதான். அரசாங்கத்துக்கு வேண்டியது முகம். முகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தவை ஒரு ஜோடித் தோடு, ரவிக்கைக் கழுத்து, சேலைத் தலைப்பில் நாலு விரல். நமக்குக் கிடைத்திருக்கும் மூலச் சான்று அவ்வளவுதான். அதற்குக் கீழே கொசுவம் வைத்த சேலையா, பாத்தேக் கைலியா, கைலிமேல் சுற்றிய சாக்கா என்பதை அறிஞர்கள் ஊகிக்க வேண்டியிருந்தது. அறிஞர்களுக்கு வேறு வேலை இருந்தது.

தோளிலிருந்து கணுக்கால்வரை விடுபட்டுப்போன அந்த நான்கடியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லையை முதலில் சொல்லிவிடுவது மரபு. வடக்கே களும்பாங், கெர்லிங். தெற்கே ராசா, பத்தாங் காலி, செரண்டா. மேற்கே பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் என்று கோல சிலாங்கூர்க் கடலோரம் வரைக்கும். மையம் கோலா குபு பாரு. இதை மையமாகக் கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு; கட்டுரையாளரின் வீடு அங்கே இருக்கிறது. தவிர, பழங்காலத் துணியைத் தேடுகிறவனுக்கு இவ்வளவு பொருத்தமில்லாத ஊர் வேறு கிடையாது. 1883-இல் அணை உடைந்து பழைய ஊரை வெள்ளம் அடித்துப் போயிற்று. மாவட்ட அதிகாரி சீசல் ரேங்கிங்கும் அதில் மாண்டார். அணை உடைந்த இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா என்றுதான் பெயர். மிஞ்சிய ஊர் பின்பு ஈயச் சுரங்கத்து வண்டலில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்தது. கடைசியில் சார்ல்ஸ் ரீட் என்ற நகரமைப்பாளர் போட்ட திட்டப்படி ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். 1931 வாக்கில் புது ஊர் எழுந்தது. பழைய ஊரின் பெட்டி பரண் எல்லாம் மண்ணுக்கடியில் போயின. ஈர மண்ணில் பீங்கான் கிடக்கும், காசு கிடக்கும், பருத்தி கிடக்காது. எனவே அகழாய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அகழ முடியாதவன் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கோலாலம்பூரில் தேசிய ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. 2010-இல் திறந்தார்கள். கட்டடம் அதைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. 1905-இல் ஹப்பேக் என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணத்தில், சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பட்டையுமாக, ரயில்வேத் தலைமையகமாக எழுந்தது. தஞ்சோங் மாலிமிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில் ஏறி, ராசா, பத்தாங் காலி, செரண்டா, ரவாங் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று நின்று போய், பழைய கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வந்துவிடும். ஒரு காலத்தில் இந்தப் பாதையின் இரு பக்கமும் பால்மரம். இப்போது செம்பனை, தாமான் வீடுகள், மறுபடி செம்பனை.

துணை ஆய்வாளராக என் பெரியம்மா உடன் வந்தார். தகுதி: 30 வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். ஆய்வு நெறி: மனசில் பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவது. கட்டடத்தின் வரலாற்றை நான் விளக்கியதும், “அப்ப எங்க தாத்தா தண்டவாளம் போட்ட கூலிய இங்க உக்காந்துதான் எழுதியிருப்பானுங்க” என்றார். இதை மறுக்கும் ஆவணம் எதுவும் என்னிடம் இல்லை.

உள்ளே கண்ணாடிப் பேழைகளில் சொங்கெட் மின்னுகிறது. தங்கச் சரிகையை ஊடாகக் கொடுத்துக் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் நெய்தவை. 2021-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்ட நெசவு அது. சரவாக்கில் இபான் பெண்கள் நெய்யும் பூவா கும்பு இருக்கிறது. மலாய் வீரர்கள் இடுப்பில் கட்டிய சிண்டாய் இருக்கிறது. அது குஜராத்தின் பட்டோலா, கப்பலேறி வந்து மலாய்க்காரராகிவிட்ட துணி. நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் இப்படி எத்தனையோ கட்டம்போட்ட துணிகள் நூற்றாண்டுக் கணக்கில் இந்தப் பக்கம் வந்திருக்கின்றன. துணிதான் முதலில் வந்தது, அதைக் கட்டுகிற கூலிக்காரன் பின்னால் வந்தான் என்பது வரலாற்றின் வரிசை. இறக்குமதித் தீர்வை இரண்டிலும் துணிக்கே அதிகம் இருந்திருக்கும் என்பது கட்டுரையாளரின் துணிபு.

அறைகளில் வெளிச்சம் குறைவு. “கரண்டு பில்லு கட்டலயா?” என்று கேட்டார் துணை ஆய்வாளர். பழைய துணிக்கு வெளிச்சமே எமன், சாயம் வெளுத்து நூல் இற்றுப்போகும், அதனால் உலகம் முழுக்க இப்படிப்பட்ட இடங்களில் 50 லக்ஸுக்கு மேல் விளக்கு வைப்பதில்லை என்று விளக்கினேன். பெரியம்மா யோசித்தார். “நாங்க உச்சி வெயில்ல முள்வேலி மேல போட்டுல்ல காயவெச்சோம். அப்ப எங்க துணி எப்படித் தம்பி நிக்கும்?” இக்கட்டுரையின் மையக் கருதுகோள் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்பதை அப்போதே குறித்துக்கொண்டேன்.

இரண்டு சுற்று சுற்றியபின் அவர் காவலாளியிடம் போனார். வேலைக்குக் கட்டினதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். காவலாளி மரியாதையான பையன். “மேல் மாடியில் நகைகள் இருக்கின்றன, மக்சிக்” என்று படியைக் காட்டினான். ஓர் ஆய்வு இடைவெளியை இதைவிடப் பணிவாக யாரும் சுட்டிக்காட்டியதில்லை.

பேழையில் இல்லாத அந்த ஆடையை இங்கே விவரித்தாக வேண்டும். விடியுமுன், பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் வரிசையில் நிற்கும் ஒரு பால்வெட்டுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். கீழே பாத்தேக் கைலி. பூ எந்தப் பூ என்று தெரியாத அளவுக்கு வெளுத்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி தூக்கிச் சொருகியிருப்பார். புல்லில் பனியும் அட்டையும் உண்டு. மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. பொத்தான் ஆண்பிள்ளைப் பக்கம். காலர் கிழிந்திருந்தால் திருப்பித் தைத்திருப்பார். தலையில் துண்டு, நெற்றிமேல் முடிச்சு, அந்த முடிச்சின்மேல் விளக்கு. இடுப்பில் ஒரு பக்கம் ஒட்டுப்பால் பை. இன்னொரு பக்கம் தகர டப்பாவுக்குள் புகையும் கொசுவர்த்தி. சட்டைப் பையில் வெற்றிலைப் பொட்டலம். காலில் ரப்பர் பூட்ஸ், கிடைத்தால். நடக்கும்போது இடுப்பிலிருந்து புகை வரும் மனுஷியை வேறு எந்த நாகரிகம் கண்டது?

பெண் ஆண்பிள்ளை உடுப்பை உடுத்துவதைப் புரட்சி என்று சொல்லி, 1966-இல் பாரிஸில் ஈவ் செயின்ட் லோரான் கறுப்புக் கோட்டுச் சூட்டு ஒன்றை மேடையேற்றினார். உலகப் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதித் தீர்த்தன. அதே வருஷம் அதே காலையில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒவ்வொரு நிரையிலும் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட பெண்கள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது 20, 30 வருஷத்துப் பழைய மோஸ்தர். செயின்ட் லோரானுக்கு இந்தச் செய்தி போகாததற்கு மொழிச் சிக்கலே காரணமாகலாம்.

இனி கறையியல். ரப்பர்ப் பால் சொட்டும்போது வெள்ளை. காய்ந்தால் மஞ்சள். காற்றுப் பட்டு நாளாக நாளாகப் பழுப்பாகிக் கறுத்துவிடும். சோப்பு அதன் பக்கம் போகாது. மண்ணெண்ணெய் தேய்த்தால் கறை ஊறிப் பருக்கும், விலகாது. எனவே வேலைச் சட்டையில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் நிரந்தரக் கல்வெட்டு. பெரியம்மாவின் வழிகாட்டுதலில் கட்டுரையாளர் மூன்று கறை மண்டலங்களைப் பிரித்திருக்கிறார். வலது மணிக்கட்டு ஓரம்: உளி பிடித்த கை. முதல் நாள் வெட்டில் நூலாகக் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துப் பையில் போடுவதால் இடுப்பு ஓரம். வாளி தூக்கி நடக்கையில் தளும்பும் தொடைப் பகுதி. மூன்றும் சேர்ந்து நாளடைவில் துணியைத் தோலாக்கிவிடும். நல்ல அனுபவமுள்ள கைலியை அவிழ்த்துத் தரையில் வைத்தால் அது விழாமல் தானே நிற்கும் என்று துணை ஆய்வாளர் சத்தியம் செய்கிறார். காண்டாக் கம்பு போட்டுச் சுமந்த தோள் மட்டும் கறையில்லாமல், ஆனால் கண்ணாடிபோல் தேய்ந்திருக்கும். கறையைப் பார்த்தே ஆள் வலக்கையா இடக்கையா, நிரை மேடா பள்ளமா என்று சொல்லிவிடலாம். சொங்கெட்டைப் பார்த்து அதை நெய்தவளைப் பற்றி இவ்வளவு சொல்ல முடியுமா?

வாசனை தனி இயல். ஒட்டுப்பால் நாற்றமும் பால் ஸ்டோரின் அமோனியாவும் அமிலமும் கலந்த அந்த மணம் எழுத்தில் அடங்காது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகும் என்பது மட்டும் பதிவாகட்டும். அதனாலேயே வேலை உடுப்பும் வெளி உடுப்பும் வீட்டுக்குள் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்பது லயத்துச் சட்டம். வேலைத் துணிக்குப் பின்வாசல் ஆணி. டவுன் சேலைக்கு டிரங்குப் பெட்டி, பாச்சை உருண்டை.

மோஸ்தர் வரலாறு என்று எழுதப்போனால் 1942 முதல் 1945 வரைக்கும் உள்ள பக்கம் குறுக்கே வந்து நிற்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் துணியே கிடையாது. என் பாட்டி அரிசிச் சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு உடுத்தியிருக்கிறார். இருந்த ஒரு சேலையை வீட்டில் இரண்டு பெண்கள் முறைவைத்துக் கட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறார்கள். சயாம் ரயில் போட இழுத்துக்கொண்டு போன ஆயிரக்கணக்கான தோட்டத்து ஆண்கள் கோவணத்தோடு காட்டில் கிடந்து செத்தார்கள். போலி ஆராய்ச்சிக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்ட விருப்பமில்லை.

ஆனால் அதே காலத்தில் நடந்த இன்னொன்றை விட்டுவிட முடியாது. பஞ்சாபி சூட்டு வந்த பிறகுதான் நம் பெண்கள் கால்சட்டை போட்டார்கள் என்று கல்யாண வீடுகளில் ஒரு கோட்பாடு உலவுகிறது. அது தவறு. 1943 அக்டோபர் 22-ஆம் தேதி சிங்கப்பூரில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் பலர் காக்கிக் கால்சட்டையும் சட்டையும் தொப்பியும் போட்டுத் துப்பாக்கி தூக்கினார்கள். முந்தின வாரம் வரைக்கும் கைலி கட்டியவர்கள். கோலாலம்பூர்ப் பாடாங்கில் நேதாஜி பேசியதைக் கேட்டு, காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்த ஜானகி, பிற்காலத்து ஜானகி ஆதி நாகப்பன், அப்போது பதின்ம வயதுப் பெண். அந்தப் பாடாங் இப்போது டத்தாரான் மெர்டேக்கா. ஜவுளி அருங்காட்சியகத்தின் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். தமிழ்ப் பெண்ணின் கால்சட்டைக்கு வயது கணக்குப் போடுகிறவர்கள் அந்தப் புல்வெளியிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

ஆண்களின் ஆடையில் ஆராய அதிகமில்லை. துரைக்கு வெள்ளை அரைக்கால்சட்டை, முழங்கால்வரை காலுறை, தலையில் தொப்பி. காலுறை கௌரவத்துக்கா அட்டைக்கா என்பது முடியாத விவாதம். கணக்கெழுதும் கிராணிக்கு வெள்ளை முழுக்கால்சட்டை, பையில் பேனா; பேனா எழுதாவிட்டாலும் பரவாயில்லை. கங்காணிதான் கவனிக்கத்தக்கவர். இடுப்பில் வேட்டி, அதன்மேல் கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு. கீழ்ப்பாதி ஊர், மேற்பாதி உத்தியோகம். இந்த உச்சி வெயிலில் கோட்டுப் போடுவது யார் என்பதை வைத்தே யார் யாரை வேலை வாங்குகிறார் என்று சொல்லிவிடலாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்பது கோரிக்கைகளில் ஒன்று. கோட்டும் தொப்பியும் அவ்வளவு பாரமாக இருந்திருக்கின்றன, போட்டவனுக்கு அல்ல.

அதனால்தான் 2016-இல் பா. ரஞ்சித்தின் ‘கபாலி’ வந்தபோது, ரஜினிகாந்த் கோட்டும் சூட்டுமாகக் கோலாலம்பூரில் நடந்ததற்கு இங்கே அத்தனை விசில். சென்னையில் அதை அம்பேத்கரின் கோட்டோடு வைத்துப் பேசினார்கள், சரிதான். கெர்லிங் பக்கத்துத் தாத்தா ஒருவருக்கு அதில் தெரிந்தது வேறு: கங்காணியின் கோட்டு கடைசியில் கூலிக்காரன் பேரன் தோளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த தீபாவளிக்கு லயத்துப் பிள்ளைகள் கோட்டுக்கு அளவு கொடுத்தார்கள். வியர்வையைப் பற்றி யாரும் பேசவில்லை.

தீபாவளி என்றதும் ஆய்வின் செழிப்பான பகுதிக்கு வந்துவிட்டோம். முன்பணம் போட்ட வாரம் கோலா குபு பாருக் கடைத்தெருவில் நடக்க இடமிருக்காது. வசதி கொஞ்சம் கூடினவர்கள் கோலாலம்பூர் பத்து ரோட்டுக்குப் போய், கண்ணாடி ஜன்னல் வைத்த துணிக்கடைகளைப் பார்த்துவிட்டு, மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். பெரிய குடும்பமுள்ள அப்பாக்கள் பொருளாதார வல்லுநர்கள். ஆளுக்கொரு துணி எடுக்கிற பழக்கமே கிடையாது. ஒரு கட்டு. மொத்தமாக ஒரே கட்டுத் துணி. அதில் மூத்த மகளுக்குப் பாவாடை, அடுத்தவளுக்குக் கவுன், மூன்று பையன்களுக்கு அரைக்கைச் சட்டை, கைக்குழந்தைக்கு ஜபலா. மிச்சத்தில் ஜன்னல் திரை, ரேடியோவுக்கு உறை. தீபாவளி காலையில் அந்தக் குடும்பம் வரிசையாகக் கோயிலுக்குப் போகும்போது எந்தப் பிள்ளை எந்த வீடு என்று கேட்க வேண்டியதில்லை. கூட்டத்தில் தொலைந்தாலும் துணியைக் காட்டித் தேடலாம். ஜன்னலோரம் நிற்கிற பிள்ளை கண்ணுக்கே தெரியாது.

தையற்காரர் அளவெடுக்கையில் அம்மா அருகிலேயே நிற்பார். “வளர்ற புள்ள, பாத்து வெட்டுங்க” என்பது மந்திரம். விளைவு, முதல் தீபாவளிக்குச் சட்டை முழங்காலைத் தொடும், மூன்றாவது தீபாவளிக்குத் தொப்புளைத் தொடும், நடுவில் ஒரே ஒரு வருஷம் சரியாக இருக்கும். அந்த வருஷம் படம் எடுக்க ஆளிருக்காது. பாவாடைக்குக் கீழ் மடிப்பு ஒரு சாண். வருஷா வருஷம் ஒரு மடிப்பை அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்த்த இடத்தில் வெளுக்காத பழைய நிறம் ஒரு கோடாக நிற்கும். ரப்பர் மரத்துப் பட்டையில் மாதா மாதம் எவ்வளவு வெட்டினார்கள் என்பதற்குக் கோடு போட்டிருப்பதுபோல, அந்தப் பாவாடைக் கோடுகளை எண்ணினால் பெண்ணின் வயதும் வீட்டின் வரவுசெலவும் தெரிந்துவிடும். கோடு நெருக்கமாக இருந்தால் பிள்ளை வளரவில்லை. அகலமாக இருந்தால் அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்திருக்கிறது, புதுத் துணி எடுக்கவில்லை. இதற்கு மடிப்புவரிக் காலக்கணிப்பு என்று பெயரிடுகிறேன். கார்பன் முறையைவிட மலிவு.

நிறச் சிக்கல் ஒன்று இன்னும் தீரவில்லை. மோஸ்தரைக் கொண்டுவந்தது சினிமா. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் போடுவார்கள். பாயும் கடலையும் கொண்டு போய் உட்கார வேண்டும். 1961-இல் வந்த ‘பாசமலர்’ கறுப்பு வெள்ளைப் படம். அதில் சாவித்திரி கட்டிய ஒரு சேலை வேண்டும் என்று எங்கள் குடும்பத்துப் பெண்கள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் என்ன நிறம் என்று கேட்டார். பெரியம்மா தரப்பு நீலம் என்றது. சித்தி தரப்பு பச்சை என்றது. அறுபது வருஷம் தாண்டியும் இரு தரப்பும் தத்தம் நிலையில் உறுதியாக இருக்கின்றன. குடும்ப விசேஷங்களில் அவர்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைப்பதில்லை. மலேசியத் தொலைக்காட்சிக்கு நிறம் வந்ததே 1978 டிசம்பரில்தான். அப்போதும் அந்தப் படம் கறுப்பு வெள்ளையாகவே வந்து ஏமாற்றியது.

எழுபதுகளில் நைலக்ஸ் சேலை வந்து பெண்களை விடுதலை செய்தது. மலையடிவார ஊர் இது. மதியம் மூன்று மணிக்கு மழை இறங்கினால் கொடியில் கிடப்பது காயாது. நைலக்ஸ் உதறினாலே காயும், மடிப்புக் கலையாது, கரி இஸ்திரிப் பெட்டியைத் தேட வேண்டாம். அடுப்புப் பொறி பட்டால் மட்டும் ஒரே இழுப்பில் உருகிச் சுருங்கும். ஆண்களுக்கு அதே காலத்தில் பெல்பாட்டம். துடையில் பிடித்து, முழங்காலுக்குக் கீழே விரிந்து, தரையைக் கூட்டிக்கொண்டு போகும். ராசாவிலிருந்து டவுனுக்குச் சைக்கிளில் போகிற இளைஞன் வலது காலை ஒரு கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும். மறந்தால் செயின் பிடித்துக்கொள்ளும். வலது கால் ஓரத்தில் பற்சக்கர அச்சும் கிரீசும் உள்ள பெல்பாட்டம் என்றால் அது தோட்டத்துப் பையனுடையது. இடமிருந்தால் அதையும் ஒரு பேழையில் வைக்கலாம். ‘பிரியா’வும் ‘நினைத்தாலே இனிக்கும்’ படமும் வந்தபோது இந்தக் கால்சட்டையின் அகலம் உச்சத்தைத் தொட்டது. நீளமுடிக்காரர்களைக் கவுண்டரில் கடைசியாகக் கவனிப்போம் என்று சிங்கப்பூரில் அரசாங்கமே பலகை மாட்டிய காலம். இங்கே அந்த வேலையை அப்பாக்கள் கத்தரிக்கோலோடு பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது தலையாய வினா. இத்தனை உடுத்தியும் அருங்காட்சியகத்தில் வைக்க ஒன்றாவது ஏன் மிஞ்சவில்லை? அலட்சியம் என்று சொல்வார்கள். இல்லை. துணிக்கு நாம் கொடுத்த பிறவிகள் அதிகம். ஒரு சேலை தீபாவளிக்குப் பிறக்கும். கொஞ்ச காலம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். பிறகு டவுனுக்கு, ஆஸ்பத்திரிக்கு. பிறகு வீட்டில். அப்புறம் நடுவில் கிழித்து மகள்களுக்குத் தாவணி. பேரன் பிறந்தால் உத்தரத்தில் தொட்டில். தொட்டிலுக்குப் பழஞ்சேலைதான் வேண்டும், புதுசு குழந்தையின் உடம்பை உறுத்தும். தொட்டிலிலிருந்து இறங்கினால் தலையணை உறை, ஒட்டுப்போட்ட போர்வை. பிறகு கரித்துணி. பிறகு வாசலில் கால்மிதி. பிறகு சைக்கிள் துடைக்க. கடைசிக் கிழிசல் மாரியம்மன் விளக்குக்குத் திரியாகி எரிந்து முடியும். இதில் எந்தப் பிறவியில் அருங்காட்சியக அதிகாரி குறுக்கே வந்து கேட்பார்? ஆண்பிள்ளைச் சட்டைக்கும் அதே கதி: தீபாவளிச் சட்டை, வேலைச் சட்டை, பெண்சாதியின் வேலைச் சட்டை, கரித்துணி.

அரசர் வீட்டுச் சொங்கெட் பிழைத்தது வலுவால் அல்ல, உடுத்தாமல் வைத்ததால். பெட்டிக்குள் தூங்கிய துணி பேழைக்கு வந்தது, உழைத்த துணி அடுப்படிக்குப் போயிற்று. இதைத் துணியியலின் முதலாம் விதி என்று பிரகடனம் செய்கிறேன். இரண்டாம் விதி கிடையாது.

இந்த விதிக்கு எதிராகக் காலம் சில விளையாட்டு விளையாடியிருக்கிறது. செம்பனையே மலாயாவுக்கு அழகு மரமாகத்தான் வந்தது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் அதை வியாபாரத்துக்கு நட்டார். பிறகு அவர் நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கினார். மரம் நாட்டையே வாங்கிவிட்டது. அலங்காரத்துக்கு வந்தது பிழைப்பாயிற்று. பிழைப்புக்குக் கட்டிய பாத்தேக்கோ அலங்காரமாகிவிட்டது: வியாழக்கிழமை தோறும் அரசு ஊழியர்கள் பாத்தேக் அணிகிறார்கள், மால்களில் வடிவமைப்பாளர் பெயர் ஒட்டி விற்கிறது. 2015-இல் முழங்கால் தெரிகிறது என்று அரசுக் கவுண்டர்களில் சில பெண்களுக்குச் சாரோங் கொடுத்துக் கட்டச் சொன்ன செய்தி பத்திரிகைகளில் அடிபட்டது. பெரியம்மா அதைக் கேட்டு வியந்தார். “நாங்க கைலியோட போனா உள்ள விடமாட்டான். இப்ப அவனே குடுக்கிறானா?” 2024-இல் கெபாயா என்ற மேற்சட்டையையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், மலேசியாவோடு இன்னும் நான்கு நாடுகள் சேர்ந்து விண்ணப்பம் போட்டன. முழுக்கைச் சட்டை போட்ட கைலிக்கு விண்ணப்பம் போட ஒரு நாடும் முன்வரவில்லை.

லயங்கள் பெரும்பாலும் போய்விட்டன. புக்கிட் பெருந்தோங், புக்கிட் செந்தோசா என்று வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. மிச்சமிருக்கும் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் சட்டையில் படிவது செம்பனைப் பழச்சாறு. அந்தக் கறையை ஆராய இன்னொருவர் பிறந்து வரட்டும்.

நமக்கு ஒரு காரியம் பாக்கி. கெர்லிங்கிலிருந்து ஈஜோக் வரைக்கும் யார் வீட்டுப் பின்வாசல் ஆணியிலாவது, கடைசியாக மரம் வெட்டிய அன்று மாட்டிய சட்டையோ கைலியோ இன்னும் தொங்கினால், தயவுசெய்து அதைத் துவைக்காதீர்கள், கரித்துணியாக்காதீர்கள். மடித்தால் மடிப்பில் இற்றுப்போகும், சுருட்டுங்கள். சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் கட்டும். யார் உடுத்தியது, எந்தத் தோட்டம், எந்த வருஷம் வரைக்கும் வேலை செய்தார் என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஊறும். பிறகு கோலாலம்பூருக்கு ஒரு கடிதம் போடுங்கள், பேழையில் இடம் இருக்கிறதா என்று.